வெள்ளைக் கோடு போடாத கொக்கி

அன்று அந்தக் காரோடு ஜமால் பாய் இருந்தார். அவருடைய டிரைவர் ஏகாம்பரம் அண்ணன் இருந்தார். நான் இருந்தேன். காருக்குச் சொந்தக்காரனான பாயின் மகன் அன்வர் இல்லை. அவன் கனடாவில் இருந்தான். பாயைச் சின்ன வயதில் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ரேஸ் பார்க்கக் கூட்டிப்போன அவருடைய பெரியண்ணனும் இல்லை. அவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. யார் இருந்தார்கள், யார் இல்லை என்று எடுத்ததும் இவ்வளவு கறாராகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் தேர்வாய் கண்டிகையில் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். வளைவில் ஒரு டிரெய்லர் ஓரம்கட்டி நின்றது. சக்கரங்களிலிருந்து பிரேக் கருகிய வாடை. ரப்பரும் முடியும் சேர்ந்து தீய்ந்ததுபோல் இருக்குமே, அது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் மட்டும் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் நின்றேன். டிரெய்லர்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அவரிடம் என்னவென்று சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கட்டடக் கம்பி செய்கிற பாயின் இரும்பு உருக்காலையில் எடைமேடை ஆபரேட்டர். பழைய இரும்பு ஏற்றிய லாரி உள்ளே வரும், நிறுப்பேன். கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும், மறுபடி நிறுப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. கேட்க எளிது. ஆனால் லாரிக்காரர்கள் சரக்கோடு வரும்போது கிளீனரைச் சீட்டுக்கு அடியில் படுக்கவைத்து வருவார்கள். காலியாகப் போகும்போது அவன் டீக்கடையில் நிற்பான். இரும்புக்கு அடியில் ஈர மணல் இருக்கும். தண்ணீர் கேன் எல்லாம் ததும்பும். ஒளிந்திருக்கும் எடையைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது.

இன்னொரு பெயரும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, வங்கி என்று தெருவில் எந்தப் படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ஆலையிலும் அப்படியே. "படிச்ச புள்ள கீது, அதுங்கைல குடு" என்பார் ஏகாம்பரம் அண்ணன். புரியாத வரி வந்தாலும் புரியவில்லை என்று சொன்னதில்லை. பேனாவைப் பிடித்த பிறகு தெரியாது என்று சொல்வது எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தக் கார் அன்வர் பழையதாக வாங்கியது. வெளிநாட்டு வண்டி, இரண்டே கதவு, நீண்ட மூக்கு, அடர்நீலம். பந்தயக் கார் மாதிரி இருந்தாலும் அது பந்தயத்துக்குச் செய்ததல்ல. பெரிய எஞ்சினோடும் தோல் சீட்டோடும் ஊர்விட்டு ஊர் சுகமாகப் பறப்பதற்குச் செய்தது. அதனால் கனம். அன்வர் கனடா போனதும் அது ஆலை ஷெட்டில் உறை போர்த்திக் கிடந்தது. ஒருநாள் சென்னையில் ஆள் பிடித்து விலையும் பேசிவிட்டான். திங்கட்கிழமை காலை வந்து எடுத்துப்போவார்கள். கீறல் இல்லாமல், எல்லாச் சாமானோடும் ஒப்படைக்க வேண்டியது அவன் அத்தாவான பாயின் பொறுப்பு.

பாய் முந்தின வாரமே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருக்கும் ரேஸ் டிராக்கில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பணம் கட்டியிருந்தார். அங்கே சில நாட்களில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது.

"ஒரே ஒருவாட்டி தம்பி. திங்கக்கெழமைக்கு அப்பால அது யார் வண்டியோ" என்றார்.

அறுபத்து மூன்று வயது மனிதர் என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்பதுபோல் கேட்டார். டிராக்கிலிருந்து போனில் பேசியவர், கனமான வண்டி பிரேக்கைத் தின்னும், வேண்டாததை எல்லாம் இறக்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். எடை என்றதும் என்னைக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் காரை மேடையில் ஏற்றினோம். இரும்புத் தூள் படிந்த அந்த மேடையில் நீல நிறம் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு கிலோ காட்டியது.

"அண்ணே, எறங்குங்க. ஆளோட நிறுத்தா எப்பிடி?"

ஏகாம்பரம் அண்ணன் சிரித்துக்கொண்டே இறங்கினார். இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து.

"எண்பது கிலோவா நானு? அது என் வெயிட்டு இல்ல நைனா, காலைல துன்ன நாஷ்டா."

பிறகு ஆரம்பித்தோம். டிக்கியில் இருந்த பாட்டுப் பெட்டி, மிதியடிகள், பின் சீட்டுகள். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர். பெட்ரோலில் பாதி. ஒவ்வொன்றையும் இறக்கிவிட்டு மேடையைப் பார்ப்பேன். எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் பேசும். அதற்குக் குறைந்ததை மதிக்காது. கடைசியாக டூல்ஸ் பையில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கொக்கி ஒன்று கிடந்தது. ஒரு முனையில் வளையம், மறுமுனையில் திருகு மரை.

"இது இன்னாத்துக்கு நைனா?" என்றார் அண்ணன்.

"தெரில. எடுத்துடுங்க."

எடுத்தோம். மேடையில் எண் மாறவே இல்லை. அரைக் கிலோ இருந்தால் அதிகம். அப்போதாவது திருப்பி வைத்திருக்கலாம். இரண்டாயிரத்துத் தொண்ணூறு என்று சீட்டு எடுத்து, ஏதோ பரீட்சையில் பாஸ் ஆனவன்போல பாயிடம் நீட்டினேன். பின் சீட்டுகளும் பாட்டுப் பெட்டியும் என் கேபினுக்குள் போயின. இரும்புச் சாமான்களுக்கு உள்ளே இடமில்லை. கேபின் ஜன்னலுக்குக் கீழே தரையில் அடுக்கினேன்.

மறுநாள் விடியற்காலை கிளம்பினோம். முன்னால் பாயும் அண்ணனும். பின் சீட்டைக் கழற்றச் சொன்னவனும் நான்தான், அந்த இடத்தில் உட்கார வேண்டியவனும் நான்தான். வெறும் தகட்டில் சாக்கை மடித்துப்போட்டுக் குந்திக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்பைத் தனித்தனியாக விசாரித்தது.

சோழவரம் வந்ததும் பாய் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஏரிப் பக்கம் கை காட்டினார். யுத்த காலத்து விமான ஓடுபாதையில் ஒரு காலத்தில் அங்கே கார் ரேஸ் நடந்தது. நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

"பெரியண்ணன் பொன்னேரிலேர்ந்து சைக்கிள்ல இட்டாந்தாரு. டிக்கெட்டுக்கு டப்பு ஏது? சவுக்குத் தோப்புல பூந்து போய்ப் பாத்தோம். எல்லாம் சின்னச் சின்ன வண்டி, வண்டு மாதிரி போய்க்கினு கீது. நடுவுல ஒண்ணு, படகு மாதிரி, கடைசில வருது. சனம் ஒரே சிரிப்பு. அண்ணன் சொன்னாரு, 'சிரிக்காதடா, அது ஊர் ஊரா போறதுக்குச் செஞ்ச வண்டி. ஆனாலும் ஓட்றான் பாரு'ன்னு."

"அது ஜெயிச்சுதா பாய்?" என்றேன் பின்னாலிருந்து.

"ஜெயிக்கல. முழுசா ஓட்டிச்சு."

திருவள்ளூரில் இட்லி. ஏகாம்பரம் அண்ணன் பாயை இரண்டுக்கு மேல் சாப்பிடவிடவில்லை. "வெயிட்டு பாய், வெயிட்டு. நைனா சீட்டு போட்டு வெச்சிகீது."

டிராக்கில் எங்களைத் தவிர எல்லோரும் இளைஞர்கள், எல்லாமே லேசான வண்டிகள். பாய் தொப்பியைக் கழற்றி மடித்து ஜேப்பில் வைத்துவிட்டு ஹெல்மெட் மாட்டினார். ஆங்கிலத்தில் ஒரு படிவம் வந்தது, வழக்கம்போல் என் கைக்கு. பத்துக் கேள்விகள், இருக்கிறது என்றால் டிக். ஏழாவது எனக்குப் புரியவில்லை. பக்கத்திலேயே டிராக் ஆள் நின்றிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாயும் அண்ணனும் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிக் போட்டேன். காருக்குள் எட்டிப் பார்த்தவர், "லூசா எதுவுமே இல்ல, சூப்பரா கிளீன் பண்ணிருக்கீங்க" என்றார். எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு.

பாய் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் ஏறிக்கொண்டார். முதல் சுற்றில் பாய் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல ஓட்டினார். பின்னால் வந்தவை எல்லாம் தாண்டிப்போயின. இரண்டாவதில் சத்தம் மாறியது. ஷெட்டில் கிடந்த வண்டிக்குள் இப்படி ஒரு தொண்டை இருந்ததா என்று இருந்தது. மூன்றாவதில் அந்த நீல மூக்கு எங்களைக் கடந்தபோது ஏகாம்பரம் அண்ணன் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். "பாரு நைனா, பாரு, எங்க பாய் போய்க்கினு கீறாரு!" முப்பது வருடம் லாரி ஓட்டியவர், கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. சக்கரத்திலிருந்து புகை. நேர்ச்சாலை முடிகிற வளைவில் பிரேக் பிடித்தும் பிடிக்காமலும் கார் அகலமாகப் போய், ஓரத்து ஜல்லிக் குழியில் மெதுவாக, மிக மெதுவாக இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. காரில் ஒரு கீறல்கூட இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த நிமிடம் வரை ஒரு கீறல்கூட இல்லை.

டிராக்டர் வந்தது. அதில் வந்தவர் பம்பரில் இருந்த சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே மரை போட்ட ஒரு துளை.

"கொக்கி குடுங்க, மாட்டி இழுத்துடலாம்."

டூல்ஸ் பையில் கிடந்த அது. ஒரு சாண் நீளம், ஒரு முனையில் வளையம்.

"அது கும்மிடிப்பூண்டில கீது" என்றேன்.

படிவம் வாங்கியவர் வந்தார். "ஏழாவதுல கொக்கி இருக்குன்னு டிக் போட்ருக்கீங்களே?"

"புள்ளைய இன்னாத்துக்கு சார் கேட்டுக்கினு? அது நேத்துலேர்ந்து கண்ணு தூங்கல" என்று அண்ணன் குறுக்கே வந்தார். நான் நன்றாகத் தூங்கியிருந்தேன்.

வேறு வழியில்லாமல் அடியில் பெல்ட் போட்டு இழுத்தார்கள். சக்கரம் ஆழமாகப் புதைந்திருந்தது. ஜல்லிக்குள்ளிருந்து இரண்டு டன் கிளம்பும்போது முன் பம்பர் பிய்ந்து வந்தது. உள்ளே ஏதோ ஒரு ரேடியேட்டரும் கிழிந்து எண்ணெய் ஒழுகியது. நான் குறைத்த நூற்றிருபது கிலோவால் ஜல்லிக்கு எந்த லாபமும் இல்லை.

பாய் ஹெல்மெட்டைக் கழற்றித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தினி ரவுண்டு தம்பி?"

"மூணு பாய்."

"மூணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

காரைத் தட்டு லாரியில் ஏற்றி, நாலு மணிக்கு ஆலைக்கு வந்தோம். சாமான்களையாவது திருப்பி மாட்டிவிடலாம் என்று ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே வெறும் தரை. வேலியோரம் ஒரு டயர் மட்டும் சாய்ந்திருந்தது, உள்ளே இரும்பு ரிம் இல்லாமல்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. உலைக்குப் போகக்கூடாத இரும்பு எதுவானாலும் அதன்மேல் வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு. கோடு இல்லாதது எல்லாம் சரக்கு. வாளி, ஏணி எல்லாவற்றிலும் கோடு இருக்கும்; ஒருமுறை ஆடிட்டரின் சைக்கிள்கூட அந்தக் கோடு இல்லாததால் உலை வரைக்கும் போய் மயிரிழையில் தப்பியது. கோடு போடாதவர்களை ஏசுவது என் வேலை. பெயிண்ட் டப்பா இருப்பதும் என் கேபினில்தான்.

"வெள்ளை இல்லியே நைனா," என்றார் யார்டு மேஸ்திரி, பாவமாக. "ஞாயித்துக்கெழம சுத்தம் பண்ணச் சொன்னாங்க. மத்தியான உலைல போட்டுட்டேன்."

பாய் என் பின்னால் நின்றிருந்தார். "அப்ப இந்நேரம் அது கம்பி" என்றார். பிறகு அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார். டயர்மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "யார் ஊட்டு மாடிலயோ ஒக்காந்துக்கப் போவுது, ஜாக்கியும் கொக்கியும்!" ஏகாம்பரம் அண்ணனும் சிரித்தார். எனக்குத்தான் முடியவில்லை.

திங்கட்கிழமை வாங்க வந்தவர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார். டிக்கியைத் திறந்து பார்த்தார். அன்வருக்கு நேரடியாகப் போன் போட்டு விலையைக் குறைத்தார். உடனே அன்வர் அத்தாவைக் கூப்பிட்டான். பாய் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துத்தான் பேசுவார்.

"அத்தா, யாரு ஓட்னது?"

"நான்தான்."

"சாமான்லாம் யாரு கழட்டச் சொன்னது? எடைமேடைப் பையனா? கூட யாரு வந்தது?"

நான் எதிரில்தான் நின்றிருந்தேன். பாய் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரும் வரல. நான் மட்டும்தான் போனேன்."

அதனால்தான் முதல் வரியிலேயே எழுதினேன். நான் இருந்தேன்.

அந்த ஆலை இப்போது இல்லை. உலையை விற்றுவிட்டார்கள், யார்டு இருந்த இடத்தில் யாரோ ஒரு கம்பெனியின் குடோன். எடைமேடைக் குழியை மூடி சிமெண்ட் பூசிவிட்டார்கள். சோழவரத்தில் வண்டியை நிறுத்திக் கை காட்டினால் பார்க்க அங்கே முன்பும் எதுவும் இல்லை, இப்போதும் இல்லை. ஏகாம்பரம் அண்ணன் கவரப்பேட்டையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். தேர்வாய் கண்டிகையில் என் வேலையிடத்தில் லாரிகளைக் கேமரா பார்த்து இயந்திரமே நிறுக்கிறது. சீட்டுக்கடியில் கிளீனர் படுத்திருந்தாலும் யாரும் சிரிப்பதில்லை. படிவத்தில் புரியாத வரி வந்தால் இப்போது கேட்டுவிடுகிறேன்.

பாய் பழவேற்காட்டில் இருக்கிறார். ஆலை மூடுவதற்கு முந்தின மாதம், கார் விலையில் குறைந்ததை என் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் அன்வருக்குத் தன் கையிலிருந்தே அதைக் கொடுத்துத் தீர்த்துவிட்டிருந்தார்.

"எதுக்குப் புடிக்கணும்? சோழவரத்துல டிக்கெட் வாங்காமப் பாத்தேன்ல? நானும் அண்ணனும், ரெண்டு பேரு. இப்பத்தான் கட்டினேன்னு வெச்சிக்க."

இரண்டு டிக்கெட். நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.