மாப்பிள்ளை உள்ளே வருகிறார்

என் மாமியார் என் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. மயிலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். நான் அந்த வீட்டுப் படியேறினால் போதும், வேர்க்கடலை, எங்கள் பக்கப் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தாலும் சரி, சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, சட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரம் போய் நின்றுவிடுவார். மாப்பிள்ளை வந்தால் மாமியார் நிற்கும் இடம் அதுதான். "உக்காருங்க அத்தை" என்று நான் சொல்வேன். "இருக்கட்டும்" என்பார். அதையும் என்னிடம் சொல்ல மாட்டார், எதிர்ச்சுவரிடம் சொல்வார். "மாப்ளைக்குக் காபி வேணுமான்னு கேளு" என்று மகளை அனுப்புவார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். விழுப்புரத்தில் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எலும்பு சேர்ந்துடும்மா. ஆனா எழுப்பி நடக்க வைக்கணும். பயந்துக்கினு படுத்தே இருந்தாங்கன்னா அப்புறம் படுக்கைதான்." மாமனார் போய்ப் பல வருஷமாகிறது. என் மனைவி ஒரே பெண். அதனால் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தோம்.

வீட்டின் முன்பக்கம்தான் என் கடை. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர். மனைவிக்கு விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. காலையில் ரயிலேறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஆகவே பகலில் அத்தையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எனக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. சமையல் தெரியும், மாத்திரை எடுத்துக் கொடுக்கத் தெரியும். எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவனுக்கு ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளவா தெரியாது என்று நினைத்தேன்.

கிழவிதான் இடம் கொடுக்கவில்லை. நான் அறைக்குள் கால் வைத்ததும் எழுந்திருக்கப் பார்ப்பார். ஒரு தடவை கட்டிலிலிருந்து சரிந்து விழப் போனார், நான் பதறிப் போய்விட்டேன். அன்றிலிருந்து உள்ளே போவதில்லை. கதவுக்கு வெளியிலிருந்தே கையை மட்டும் நீட்டித் தட்டையும் தண்ணீர்ச் சொம்பையும் ஸ்டூலில் வைப்பேன். மறைந்து நின்று குரல் கொடுப்பேன். சாயந்திரம் பார்த்தால் சொம்பில் தண்ணீர் வைத்தபடியே இருக்கும். தாகமில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

குளிர்க்காய்ச்சல் வந்து, சிறுநீரில் கிருமி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போக வேண்டுமென்றால் தாங்கிப் பிடிக்க மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டும். அதைவிட நாக்கு வறண்டு போவதே மேல் என்று, மகள் காலையில் கொடுக்கும் காபியோடு இரவு வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அன்று அடுக்களையில் என் மனைவி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் வேலைய வுட்டுடறேங்க" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. அவள் அந்த வேலைக்கு எப்படிப் படித்தாள் என்று எனக்குத் தெரியும். ஒரு கையால் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு மறுகையில் புத்தகம் பிடித்துப் படித்தாள். ராத்திரி சாப்பாட்டின்போது அலுவலகக் கதைகளைக் கொண்டு வருவாள். யாருடைய நாற்காலியை யார் எடுத்துக்கொண்டார், புது மேலாளர் எப்படித் தும்முவார், எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். அங்கே வேலை செய்யும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை, ஆனால் எல்லோரையும் தெரியும். அந்தக் கதை இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "கொஞ்சம் பொறு, பகல்ல பாத்துக்க ஒரு ஆள் புடிக்கிறேன்" என்றேன். "சித்திரை முடியட்டும், அதுக்கு மேல என்னால ஆவாது" என்றாள்.

ஆள் தேட ஆரம்பித்தேன். சென்னையில் வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஓரிடத்துக்கு போன் போட்டால், "திண்டிவனமா? அவ்ளோ தூரம் வர மாட்டாங்க சார்" என்றார்கள். புதுச்சேரியில் கேட்டால், "திண்டிவனமா? அது மெட்ராஸ் பக்கம் ஆச்சே" என்றார்கள். இரண்டு பெரிய ஊருக்கும் நடுவில் குடியிருப்பதன் பெருமை அன்றுதான் புரிந்தது. எல்லா பஸ்ஸும் இங்கே நிற்கும், நமக்கு வேண்டிய ஆள் மட்டும் இறங்க மாட்டார்.

விழுப்புரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பார்த்தோம். சுத்தமாகத்தான் இருந்தது. "பகல்ல மட்டும் வுட்டுட்டுச் சாயங்காலம் கூட்டிக்கினு போலாங்களா?" என்று கேட்டேன். அங்கிருந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "இது பாலர் பள்ளி இல்லீங்க" என்றார். அங்கிருந்து முதியோர் குறை கேட்கும் அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "புள்ளைங்க சோறு போடலையா? சொல்லுங்க, உடனே கூப்ட்டு விசாரிக்கலாம்" என்றார்.

"போடறோம் சார். அவங்கதான் சாப்பிட மாட்டேங்கறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "அப்படி இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே" என்று சொல்லி, எனக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

கடைசியில் தெரிந்தவர்கள் மூலமாகக் கோலியனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நர்சிங் ஹோமில் உதவியாளராக இருந்தவர், கெட்டிக்காரி. நான் நிம்மதியாகக் கடையில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் ஏலக்காய் போட்ட டீ வந்தது. அப்புறம் அவித்த மல்லாட்டை வந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்து, பக்கத்தில் நின்று பரிமாறினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "என்னம்மா இதெல்லாம், நீங்க அத்தையப் பாருங்க" என்றேன்.

"அவங்கதாங்க அனுப்பறாங்க. 'எனக்கு ஒண்ணும் வாணாம், மொதல்ல மாப்ளைய கவனி'ன்னு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வெரட்டறாங்க. இந்த வூட்ல யாருங்க பேஷன்ட்டு?"

பத்து நாள் போல இருந்துவிட்டு, மகளுக்குப் பிரசவம் என்று அவர் ஊருக்குப் போய்விட்டார். அத்தை எழுந்து நடக்கவில்லை. எனக்கு பேண்ட் இடுப்பில் பிடித்தது.

சித்திரையும் முடியப் போகிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த நேரத்தில் அரசாங்கத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு மாசாமாசம் பிபி, சுகர் பார்க்க வரும் அம்மா, ஒழுகும் மிக்ஸி ஜார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் ஜாரைக் கழற்றிக்கொண்டே சென்னை, புதுச்சேரி, விழுப்புரம் என்று என் புராணத்தை ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"அண்ணா, மாசாமாசம் உங்க கதவைத் தட்றேன். 'எங்க வூட்ல யாருக்கும் சுகர் இல்ல'ன்னு வாசலோட அனுப்பிடறீங்க. படுத்துக்கினு கெடக்கறவங்களுக்கு எக்சர்சைஸ் குடுக்க வூட்டுக்கே ஆளு வர்றாங்க. இதுக்கா இவ்ளோ பேஜாரு? என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன் இல்ல?"

எனக்கு யார் மேல் கோபம் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. அந்த ஜாருக்குப் புது வாஷர் போட்டு, பிளேடையும் மாற்றிக் கொடுத்தேன்.

அந்த வாரமே ஸ்கூட்டரில் பிசியோதெரபிஸ்ட் வந்தார். என் மகள் வயதுப் பெண். அத்தையிடம் நயமாகப் பேசிப் பார்த்தார், செல்லமாக அதட்டிப் பார்த்தார். வாக்கரைக் கொண்டு வந்து முன்னால் வைத்தார். அத்தை அசையவில்லை. "ஆவாதும்மா. காலு செத்துப் பூட்ச்சி. வுட்டுடு, நீ நல்லா இருப்பே." அடுத்த தடவையும் அதே பாட்டு. நான் வழக்கம்போல் கதவுக்கு இந்தப் பக்கம் ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனசுக்குள் மனைவியின் ரயில் சீசன் டிக்கெட் வந்து வந்து போனது.

மூன்றாம் தடவை அந்தப் பெண் வந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. அக்னி நட்சத்திர வெயில், அறைக்குள் இருவரும் வெந்துவிடுவார்கள். கடையில் ரிப்பேருக்கு வந்த பேட்டரி ஃபேன் ஒன்று தயாராக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, என் சட்டத்தை நானே மறந்து, நேராக அறைக்குள் போய்விட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தார். ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது, மறுகை முந்தானையைத் தேடியது. அந்தப் பெண் ஓடிவந்து தோளடியில் கை கொடுப்பதற்குள் பாதி எழுந்துவிட்டார். அடுத்த நொடி நின்றுகொண்டிருந்தார். நடுங்கினார், ஆனால் நின்றார். முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"சார், வெளிய போங்க" என்றார் அந்தப் பெண்.

காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று ஃபேனை வைத்துவிட்டு ஓடி வந்தேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, அத்தை உட்கார்ந்துவிட்டார் போல. பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "சார், இப்ப மறுபடி உள்ள வாங்க."

போனேன். எழுந்தார்.

"வெளிய போங்க சார். மெதுவா. ம்ம், இப்ப வாங்க."

இப்படியாக நான் ஓர் உடற்பயிற்சிக் கருவியானேன். அந்தப் பெண் வராத நாட்களில், காலையில் ரயிலுக்குப் போகுமுன் மனைவி அத்தைக்குப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வாள். "மாப்பிள்ளை உள்ளே வருகிறார்" என்று நாடக மேடையில் அறிவிப்பதுபோல் குரல் கொடுப்பாள். நான் வருவேன், போவேன், திரும்ப வருவேன். கிரைண்டரை எடுத்துக்கொண்டு வந்த ஒருவர் கடை வாசலிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, வூட்டுக்குள்ள பூந்து பூந்து வர்ற? எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். "எக்சர்சைஸு" என்றேன். "உடம்பு எளைச்ச மாரி தெரியலியே" என்றார்.

அத்தைக்கு இந்தத் தந்திரம் புரியாமல் இருந்திருக்காது. வேறு யாருக்காகவும் அசையாதவர், புரிந்தும் எழுந்தார். மாப்பிள்ளை தெரிந்தே வந்தாலும் தெரியாமல் வந்தாலும் மாப்பிள்ளைதானே.

நின்றால் மட்டும் போதுமா, நடக்க வேண்டாமா? அதற்கும் வழி அத்தையே வைத்திருந்தார். மாமியார் நிற்க வேண்டிய இடம் கட்டிலோரம் இல்லை, கதவோரம். கால் கொஞ்சம் நம்பிக்கை பெற்றதும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் நகரத் தொடங்கினார். இதைக் கவனித்த பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைக் கூப்பிட்டார். இருவருமாகக் கட்டிலைத் தூக்கி அறையின் அந்தக் கோடியில் போட்டோம். ஒரு வாரம் கழித்துக் கட்டில் பக்கத்து அறைக்குப் போனது. அத்தை வந்து நிற்க வேண்டிய கதவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

வைகாசியில் ஒரு நாள், நான் கடையில் இருக்கும்போதே உள்ளே வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது, திறந்தது, மறுபடி வாக்கர் சத்தம். நான் கையில் எடுத்த ஸ்குரூடிரைவரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் துணையும் இல்லாமல் போய்விட்டு வந்திருக்கிறார். சாயந்திரம் சொம்பைப் பார்த்தேன். காலியாக இருந்தது. மனைவியிடம் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்ததும் புது மேலாளர் தும்முவதை மறுபடி நடித்துக் காட்டினாள். வேலையை விடும் பேச்சு அத்தோடு எங்கள் வீட்டில் நின்றது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆடி மாசம், ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போனேன். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

பார்வையில் படவில்லையோ என்று வெளியே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி வந்தேன். மல்லாட்டை உரிபட்டுக்கொண்டே இருந்தது. ஆபரேஷனில் இடுப்பில் வைத்த பிளேட் நகர்ந்துவிட்டதா, மறுபடி எங்காவது விழுந்து எங்களிடம் மறைக்கிறாரா? பிசியோதெரபிஸ்ட்டுக்கு போன் போட்டு, "அவங்க எழுந்திரிக்க மாட்டேங்கறாங்கம்மா, ஜல்தி வாங்க" என்றேன். பக்கத்துத் தெருவில்தான் இருந்திருக்கிறார், உடனே வந்துவிட்டார். முழங்காலை மடக்கிப் பார்த்தார், இடுப்பை அழுத்திப் பார்த்தார்.

"ஆயா, எங்கனா வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"பின்ன சார் வந்ததுக்கு ஏன் எழுந்திரிக்கல?"

அத்தை முறத்தை ஓரமாக வைத்தார். சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"பெத்த புள்ள உள்ள வந்தா எவளாச்சும் எழுந்து நிப்பாளா?" என்றார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் யாரும் இல்லாமல் என்னிடமே சொன்னார். "ஏன் நின்னுக்கினே கீறீங்க? குந்துங்க. குந்தறதுக்கு முன்ன அந்தச் சொம்புல கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

சொம்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். கண் கலங்கிவிட்டது, குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கொண்டுவந்து கையில் கொடுத்தேன். என் எதிரிலேயே, உட்கார்ந்தபடியே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.