மெஷினுக்கு ஓய்வு

நேற்று மகன் என் கம்பியூட்டரின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ராத்திரி பூரா இத ஓட விடுறீங்க? எப்புடிச் சுடுது பாருங்க” என்றான். சூடேறிய தூசியின் வாசனை எனக்கும் வந்தது. சும்மாதான் என்றேன். சும்மா இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, இருபது வருடமாக ஒரு மனிதரைப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறேன்.

தலவாக்கலையில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவரின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரி முழுவதும் ஒரு காலத்தில் அவர் அதிகாரத்தில்தான் இருந்தது. தூள் பிரிக்கும் பகுதியில் வேலை செய்த என் அம்மாவும்தான். அங்கே போய் ஏன் குடியிருந்தாய் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேறு அறை இல்லை.

யாரோ பாவித்துக் கழித்த கம்பியூட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். மழை மாதங்களில் அங்கே துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீராகிவிடும். “ஈரம் ஏறாம இருக்கணும்னா அணைக்காதீங்க” என்று அதை விற்ற ஹட்டன் கடைக்காரர் சொல்லியிருந்தார். டீமேக்கர் ஐயாவுக்கு அது பொறுக்கவில்லை. புளிக்கப் போட்ட தேயிலையைத் தொட்டுப் பார்ப்பது போலத் தினமும் அதன் மேல் கை வைப்பார்.

“மெஷினும் மனுசன் மாதிரிதான் டீச்சர். ஓய்வு குடுக்கணும்.”

“பெக்டரியில காத்தாடி ராத்திரி பூரா ஓடுமேங்க ஐயா?”

“அது கொழுந்து வாடுறதுக்கு. இதுல என்ன வாடுது?”

ஒரு நாள் காலையில், “நேத்து நான்தான் மெயினை ஆஃப் பண்ணேன்” என்று பெருமையாகச் சொன்னார். கம்பியூட்டர் எழுந்திருக்கவே இல்லை. பயிற்சிக் கல்லூரிக்குக் கொடுக்கவேண்டிய ஆய்வறிக்கை அதற்குள்ளேயே போய்விட்டது. இன்னொரு பிரதி எடுத்து வைக்கத் தெரியாத மடச்சி நான். ஒரு வருடம் வீணானது.

வருடம் போனதைக்கூட மன்னித்திருப்பேன். மெஷினுக்கு ஓய்வு கேட்ட இந்த மனிதர், கால் வீங்கி நின்ற என் அம்மாவை ஒரு நாளும் உட்கார விட்டதில்லை. “உக்காந்தா கை ஓஞ்சிரும்” என்பாராம்.

அறையை மாற்றினேன், வேறொரு கம்பியூட்டரும் வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த என் புது அறைக்கே அவர் வந்தார். கல்யாணப் பேச்சுக்காக மகளின் விவரத்தை டைப் செய்து, சாயந்திர ரயிலில் போகும் மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுக்கவேண்டுமாம். ஊரில் வேறு எங்கும் கரண்டு இல்லை என்றார். ஸ்டேஷன் லைனில் கரண்டு போகவில்லை; என் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“மெஷின் ஓய்வுல இருக்குங்க ஐயா” என்றேன்.

இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் நான் உட்கார்ந்து பிள்ளைகளின் கொப்பி திருத்தினேன். மற்றதில் என் கைப்பை உட்கார்ந்திருந்தது. அவர் கதவருகே நின்றார். ரயில் கூவிப் போன பிறகு படியிறங்கினார். மகளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்த வாரம் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அடுப்பை ஊதியபடி, “எம்புட்டு நேரம் நின்னாரு?” என்று கேட்டார்.

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

“அம்புட்டுதானா” என்றார்.

பெக்டரியை மூடிவிட்டார்கள். டீமேக்கர் ஐயாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். அம்மா நின்றதற்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? அவர் ஓய்வு கேட்ட மெஷினை நான் இன்னும் அணைக்கவில்லை.