சாயங்காலம் வரும் பதில்

போன மாதம் இறந்துபோன என் நண்பனும் நானும் மரக்காணத்தில் ஒரு ஸ்டார்ட்அப் நடத்தினோம். குவியும் மெயில்களைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் எங்களுடையது. சென்னை மாநாடுகளில் பேச வாய்ப்புக் கேட்டு ஒருவர் எழுதும் விண்ணப்பத்தை மற்றவர் படிக்காமல் அனுப்பியதே இல்லை. நான் எழுதியதை அவன் கிழிகிழியென்று கிழிப்பான். "ஏம்பா, இத கேட்டா ஹாலே தூங்கிடும்" என்பான்.

நேற்று, மெயிலுக்கு உடனே பதில் போடுவது பற்றிப் பேச ஒரு விண்ணப்பம் எழுதினேன். பழக்கதோஷத்தில் அவனுக்கு அனுப்பிவிட்டேன். மறுநொடியே பதில் வந்தது. இருந்தவரை பகலெல்லாம் தன் அப்பாவின் உப்பளத்தில் நின்றவன், வெயிலில் போன் திரை தெரியாதென்று தானாகவே போகும்படி போட்டுவைத்த பதில்: "உப்பளத்துல இருக்கேன். சாயங்காலம் படிச்சிட்டு சொல்றேன்."

அதை நிறுத்தித் தொலைக்க எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை. விண்ணப்பத்தையும் மாநாட்டுக்கு அனுப்பாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.