வெள்ளிக்கிழமை வடை

என் அக்காள் புருஷனின் விரல்களை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நகக்கண்களில் மஞ்சளும் எண்ணெயும் கறுத்து அப்பியிருக்கும். அந்த விரலைக் குழம்பில் விட்டு நக்கிப் பார்ப்பார். பிறகு அதே விரலால் கிளறுவார்.

மெட்ராஸில் ஒரு கேன்டீனில் சமையல் செய்துகொண்டிருந்தவர். வேலை போனதும் அக்காளோடு காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதினேழு வயது. அப்பா தறியில் உட்கார, அம்மாவும் நானும் பட்டு நூல் சுற்றிக் கொடுப்போம். மாமாவுக்குத் தறி வேலை வராது. சமையலாவது செய்கிறேன் என்று அடுப்படிக்குள் புகுந்துகொண்டார். வீட்டு மாப்பிள்ளையை வெளியே போகச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.

எதையும் கொட்ட மாட்டார். முந்தின நாள் குழம்பில் மிஞ்சிய தாமல் ஏரி மீனை முள்ளோடு பிசைந்து, பழைய சோற்றைச் சேர்த்து உருட்டிப் பொரித்து, கட்லெட் என்பார். ஒருநாள் சாண்ட்விச் செய்தார். எங்களுக்கு ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்கள் பாலில் நனைத்துச் சாப்பிடுவது. அதற்குள் சுட்ட நெத்திலிக் கருவாட்டை நசுக்கி, பச்சை வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் பிசைந்து அப்பி, உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினார். ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பிதுங்கியது.

"துன்னு பாரு. மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல இதான் தராங்க."

ஊறிய ரொட்டி களி மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடித்த இடத்தில் ஒரு நெத்திலித் தலை, கண்ணோடு. நான் கொல்லைக்கு ஓடித் துப்பினேன். அக்காள் மட்டும் தலை நிமிராமல் தின்று முடித்தாள்.

இதெல்லாம் எங்கள் வயிற்றோடு போயிருந்தால் இன்று எழுத ஒன்றுமில்லை.

தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூல் முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, ஒவ்வோர் இழையாக முறுக்கிப் பிணைக்க ஓர் அம்மாள் வருவார். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். நாற்பது வயதிருக்கும், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மீன் புழங்கும் வீடு என்று எங்களிடம் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்கு எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது, அம்மா எல்லாம் கழுவி வைத்திருப்பாள் என்ற நம்பிக்கை.

அந்த வெள்ளிக்கிழமை மாமா தட்டு நிறைய வடை சுட்டுக் கொடுத்தார். பாவு பிணைத்துக்கொண்டிருந்த அந்த அக்கா முன்னால் நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

"நல்லா இருக்குதுமா, இன்னா போட்டீங்க?" என்று கேட்டபடியே அவர் இரண்டாவதை எடுத்தார்.

நானும் ஒன்றைக் கடித்தேன். உடனே தெரிந்துவிட்டது. சென்னாக்கூனி. அந்தப் பொடி இறாலை வறுத்து இடித்து மாவில் கலந்திருந்தார். அடுப்படிக்கு ஓடினேன்.

"மாமா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அந்தக்கா துன்னுக்கினு இருக்குது!"

"வடையில ருசி இருக்க வேணாவா? தெரியாம துன்னா இன்னா பாவம்? வாய மூடிக்கினு போ." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் போல அருவருப்பான ஒன்றை அந்த அடுப்படியில் நான் பார்த்ததில்லை. திரும்பிப் போய், "துப்பிடுங்கக்கா, அதுல கூனி இருக்குது" என்றேன்.

அவர் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார். எழுந்து கழிவுத் தண்ணீர் ஓடும் ஜலதாரைப் பக்கம் போனார். தொண்டைக்குள் விரல் விட்டு விட்டு வாந்தி எடுத்தார். ஒன்றும் வராதபோதும் விடவில்லை. பிறகு வாய் கொப்பளித்து, பாதிப் பாவைப் பிணைக்காமலே போய்விட்டார்.

அப்பா தறியை விட்டு இறங்கினார். மாமாவிடம், "மாப்ளே, இனிமே நீங்க அடுப்பாண்ட போவாதீங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா பாத்திரங்களையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தாள். அக்காளின் கோபம் முழுக்க என்மேல் திரும்பியது. "எம் புருஷன நாற வச்சிட்டியேடி" என்றாள்.

நாலு நாள் கழித்து அம்மாவும் நானும் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனோம். அந்த அக்கா பாவம் தீரப் பட்டினி கிடந்து முகம் வற்றியிருந்தார். பாய் போட்டு உட்காரச் சொன்னார். பழத்தைத் தொடவில்லை. அம்மா அழுதாள்.

அவர் என்னைப் பார்த்து, "நீ சொல்லாங்காட்டி நான் தெரியாமலே இருந்திருப்பேன். எது தேவலன்னு எனுக்கே தெரியலமா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்கே வரவில்லை. பாவு பிணைக்க வேறு ஆள் பார்த்தோம்.

மாமா இரண்டே மாதத்தில் அக்காளோடு தனிக்குடித்தனம் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் வடைக்கடை போட்டார். அதே கூனி வடை. சாயங்காலமானால் ஜனம் முண்டியடித்து வாங்கியது. அக்காள் என்னோடு பேச ஒன்றரை வருஷமானது. பேச ஆரம்பித்த அன்று, பெரிய மனதோடு, ஒரு பொட்டலம் வடை கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவள் தெரு திரும்பும் வரை காத்திருந்து குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.