நீலமாகவே நின்ற குழாய்

ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ஆனாலும் ஸ்பிரிட் விளக்கின் மேல் சிறுநீர் கொதிக்கும் வாடை வந்தால், நான் பாடியில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

அறுபதுகளில் அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத் ஓட்டினார். அவருக்குச் சர்க்கரை வியாதி. மாதாமாதம் ஆலை டாக்டரிடம் சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவார்கள். நிறம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை; பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப்போக அதிகம்.

சோதனைக்கு முந்தின நாள் முழுக்க அப்பா பட்டினி கிடப்பார். குழாய் நீலமாகவே நிற்கும். டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். திரும்பும் வழியில் அப்பா ஜிலேபி வாங்குவார்.

ஒருமுறை பூட்ஸுக்குள் விழுந்த இரும்புச் சுருள் கிழித்து அவர் கால்விரலில் புண். வாரக்கணக்கில் ஆறவில்லை, விரல் கறுக்கத் தொடங்கியது. அதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. சோதனை நாள் காலையில் அம்மா தட்டு நிறையச் சோறு வைத்தாள்.

"இன்னாமே இது? இன்னிக்கு டெஸ்ட்டு கீது!"

"தெரியும், துன்னு. டாக்டரு உனுக்கு மருந்து தர்றாரா, உன் பட்டினிக்குத் தர்றாரா?"

அவர் தின்றார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். குழாய் செங்கல் நிறமானது.

"பாத்தியா, பெயிலாக்கிட்டியே!" என்றார் அப்பா.

"தெனம் இவுரு இப்டித்தான் துன்றாரு டாக்டரு. இதுக்கு மருந்து குடுங்க" என்றாள் அம்மா.

டாக்டர் குழாயை வைத்துவிட்டு, அப்பாவிடம் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்.