பன்னிரண்டரைக்கு இறங்கிவிடுவார்

அத்தையின் கணவர் துபாய்க்கு வேலைக்குப் போவது முடிவானபோது நான் ஆறாம் வகுப்பு. மாமா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வெல்டர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அத்தை ஐந்து மாதக் கர்ப்பிணி. மாமா திரும்பி வர இரண்டு வருடமாகும் என்பதால், அவர் கிளம்பும் முன்பே ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அத்தையை அழைத்து வந்துவிட்டார் அப்பா.

வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா தட்டை வைத்துக் கெஞ்சினாலும், "பசிக்கல அண்ணி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இப்படிக் கிடந்தால் என்ன ஆவது என்று அப்பா வாசலில் நின்று முணுமுணுப்பார்.

வீட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்த ஒரே ஆள் நான்தான். ஆகவே மாமாவின் விமான டிக்கெட்டை ஆராயும் உரிமை எனக்கே உண்டு என்று நினைத்தேன். மெட்ராஸில் காலை பத்துக்குக் கிளம்புகிறது. துபாயில் பன்னிரண்டரைக்கு இறங்குகிறது. கழித்துப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம்! அட்லஸில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பெரிய கடல் நீலமாகக் கிடந்தது. டிக்கெட்டில் தப்பாகவா போடுவார்கள் என்று அட்லஸை மூடிவிட்டு அத்தையிடம் ஓடினேன்.

"அத்தே, துபாய்க்கு ரெண்டரை மணி நேரந்தான். நாம பஸ் மாறி மாறி காஞ்சிபுரம் போறோமே, அவ்ளோதான்."

அத்தை எழுந்து உட்கார்ந்தாள். "இன்னாடி சொல்ற? நெசமாவா?"

"டிக்கெட்லயே போட்டுக்கீது."

"அப்போ காஞ்சிபுரந்தான்னு சொல்லு!" என்று சிரித்தாள். அன்று மத்தியானம் மீன்குழம்புக்கு இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினாள். அம்மா என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள்.

மாமாவை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆவடி பஸ்ஸுக்கு நின்றோம். அப்பாவின் கைக்கடிகாரத்தை அத்தை எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டரை.

"எறங்கிட்டிருப்பாரு இல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"எறங்கிட்டாரு," என்றேன், தந்தி கையில் வந்துவிட்டதுபோல.

அப்பாவுக்கு மாமா எழுதிய முதல் கடிதத்தில் குட்டு உடைந்தது. நாலு மணி நேரம் உட்கார்ந்து கால் மரத்துப்போனதாம். துபாய் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி என்று அப்பா விளக்கினார். எனக்கு அழுகை முட்டியது. அத்தையிடம் போய், "தப்பா சொல்லிட்டேன் அத்தே, நாலு மணி நேரமாம்," என்றேன்.

"தெரியும்டி. டிக்கெட் வந்த அன்னிக்கே உங்க மாமா சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் நம்புன?"

"நீ சொன்னது கேக்க நல்லாருந்துச்சு கண்ணு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் தெரிந்தும் தலையாட்டி என்னை ஏமாற்றிவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். பொய் என்று தெரிந்த ஒன்றைப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் எதற்குக் கூடவே கொண்டுவந்தாள் என்பது மட்டும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.