ஏககாலத்தில்

மாப்பிள்ளை வந்தால் அம்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். சோறு பிசைந்த கையோடு எழுந்து கதவோரம் ஒதுங்கி நிற்பாள். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாள் முதல் அப்படித்தான். அவன் நகை கேட்டு அடிக்கிறான் என்று தெரிந்த பிறகும் எழுந்தாள். நானும் அக்காவும் அவளைப் போல எழுந்து காட்டிக் கிண்டல் செய்வோம்.

அந்த மாப்பிள்ளை ஒருநாள் அடித்த அடியில் அக்கா செத்துப்போனாள். மலையேறி ஓடியவனைக் கரியாலூர் பக்கம் ஒரு மரவள்ளிக் கொல்லையில் போலீஸ் பிடித்தது. கொலை என்று தொடங்கிய வழக்கு, கொல்லும் எண்ணமில்லாமல் நேர்ந்த மரணம் என்று தேய்ந்தது. எண்ணம் இல்லாமலா உலக்கையை எடுத்தான்?

அவனைத் தூக்கில் போடும்படி அம்மா கேட்கவில்லை. அவன் ஊர்க் கரும்பும் எங்கள் கரும்பும் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குத்தான் போகும். அவன் வெளியே வந்தால் எங்கேயாவது எதிர்ப்பட்டே தீருவான்.

"நான் கண்ண மூடுற வரைக்கும் அவன் மூஞ்சில முழிக்கக் கூடாது. வேற இன்னா கேட்டேன் நானு?" என்பாள்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. சாவுக்குப் பத்து வருடம், கொடுமை செய்ததற்கு மூன்று வருடம். இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று நீதிபதி வாசித்து முடித்தார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கேட்டியாடி? எக்காலத்துக்கும் உள்ளயே கெடன்னு சொல்லிட்டாரு."

வெளியே வந்ததும் வக்கீல் விளக்கினார். இரண்டு தண்டனையும் ஒன்றாகவே ஓடும், மொத்தம் பத்துதான், அதிலும் நன்னடத்தைக்குக் கழிவு உண்டு. "இதுவே ஜாஸ்திம்மா. எத்தினியோ கேஸ்ல இதுகூட வரல" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அடிபட்ட வருடங்களுக்கென்று கொடுத்த மூன்று வருடம், பத்துக்குள் புகுந்து காணாமல் போய்விட்டது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் பார்ப்பது போல அவனுக்கு ஒரே சிறைவாசத்தில் இரண்டு தண்டனை.

அம்மா மட்டும் அசையவில்லை. "வக்கீலுக்குக் காது மந்தம். ஜட்ஜு வாயால சொன்னாரு, நான் காதால கேட்டேன்" என்றாள். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் எக்காலத்துக்கும் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைச் சொல்லித்தான் சாப்பிட்டாள், தூங்கினாள். மேல்கோர்ட்டில் பத்து ஏழானபோதும் அவள் காதில் அது ஏறவில்லை.

பத்து போதாதென்றால் எத்தனை போதும் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. அம்மா சாகும்வரை என்று கேட்கலாமா? அப்படியொரு பிரிவு சட்டத்தில் இல்லை.

ஏழும் முழுதாக ஓடவில்லை. ஒரு அரவைப் பருவத்தில், ஆலை வாசலில் எங்கள் டிராக்டர் வரிசையில் நின்றது. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அம்மாவும் நானும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பின்னாலிருந்த டிராக்டரிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். சதை போட்டிருந்தான். நெற்றியில் விபூதி.

"அத்த, நல்லா கீறீங்களா?"

யாரென்று எனக்கு உறைப்பதற்குள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா எழுந்து ஒதுங்கி நின்றிருந்தாள். அவன் ஒரு டீ வாங்கிக் குடித்தான். கிளாஸை வைத்துவிட்டு, "வரேன் அத்த" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினாள்.

"எழுந்துட்டேன்டி" என்றாள்.